தாமதத்துக்குக் காரணம்

என் மனைவிக்கு ஆறு மாதம் பிரசவ விடுப்பு கிடைத்தது. அதில் ஒரு நாளைக்கூட வீணாக்க விடக்கூடாது என்று நான் முடிவு செய்தேன். லீவு அவளுக்கு, முடிவு எனக்கு. எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு எப்போதும் அப்படித்தான்.

நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எப்போது திரும்பும், யார் ஓட்டுவார், நடுவில் அவரை இறக்கிவிட்டு யார் ஏறுவார், எல்லாம் நான் எழுதும் பச்சைத் தாளில்தான் இருக்கும். நாற்பத்தெட்டு வண்டிகள். பதினோரு வருஷம். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு மனைவி, ஒரு குழந்தை, இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு எல்லாம் எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் எல்லாரும் முதலில் இப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

குழந்தை பிறந்தால் உதவிக்கு நாலு பெரியவர்கள் வந்து நிற்பார்கள் என்பதுதான் எங்கள் கணக்கு. ஆனால் அதே மாதம் என் மாமியாருக்கு முழங்காலில் ஆபரேஷன். என் அம்மா என் தங்கையின் பிரசவத்துக்குப் போய்விட்டாள். ஆக வீட்டில் நாங்கள் மூன்றே பேர். அதில் ஒருத்தியின் எடை மூன்று கிலோ. அவள் அழுதால் வீடே ஓடும், தூங்கினால் வீடே நிற்கும். அதனால் அவளை 'முதலாளி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தோம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சிறு புத்தகத்தில், பிறந்த குழந்தை ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் தூங்கும் என்று அச்சடித்திருந்தது. நான் பென்சிலை எடுத்தேன். பதினெட்டில் என் மனைவியின் தூக்கத்துக்கு எட்டைக் கழித்தால் மிச்சம் பத்து. நாளுக்குப் பத்து மணி நேரம், ஆறு மாதத்துக்கு! அந்த நேரத்தில் ஒரு மனுஷி நினைத்தால் கையாலேயே ஒரு மாடி கட்டிவிடலாம்.

குழந்தைக்கு இருபதாவது நாள். டிப்போவிலிருந்து ஒரு கட்டு பச்சைத் தாள் கொண்டுவந்து உட்கார்ந்தேன். ஐந்தரைக்குப் பால். ஆறுக்குத் துணி. ஒன்பதே காலுக்குக் குளியல். பத்திலிருந்து பதினொன்றரை வரை அலமாரி ஒழுங்கு. இரண்டிலிருந்து மூன்றரை வரை, நாலு வருஷமாகச் செருப்புப் பெட்டியில் கிடக்கும் எங்கள் கல்யாணப் போட்டோக்களை ஆல்பத்தில் ஒட்டுவது. நாலரையிலிருந்து ஐந்து பத்து வரை, குழந்தையோடு காற்றாட ஒரு நடை. தாய்க்கும் நல்லது, சேய்க்கும் நல்லது. கடைசியில், டிப்போ தாளில் வழக்கமாக இருக்கும் இரண்டு கட்டங்கள்: 'குறிப்பு', 'தாமதத்துக்குக் காரணம்'.

என் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். எதையும் தூர வைத்து ஒரு தடவை, கிட்ட வைத்து ஒரு தடவை பார்க்காமல் பதில் சொல்ல மாட்டாள். தாளை அப்படியே பார்த்தாள். தோளில் முதலாளி.

"எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது. இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"இதோ," என்று அடியில் என் கையெழுத்தைக் காட்டினேன்.

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. உங்களுக்கும் பதினஞ்சு நாள் லீவு உண்டே, சேர்த்து வைத்த லீவும் ஒரு மாசம் இருக்கே, அது எப்போ என்று மட்டும் கேட்டாள். அந்த லீவை நான் எடுக்க முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்கு வயது நாற்பத்திரண்டு, என் மேஜைக்கு எதிர் மேஜை.

என் உதவியாளரை டிப்போவில் எல்லாரும் 'ஸ்டெப்னி' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சக்கரம் கழன்றாலும் அந்த இடத்தில் ஏறிக்கொள்ள ஆள் தயார். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட என் நாற்காலியில் உட்கார்ந்து உயரம் சரியா என்று பார்ப்பார். ஒன்றரை மாதம் நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு வந்தால், திரும்பிப் போகும்போது எனக்கு முக்காலிதான் கிடைக்கும்.

இதை அவளிடம் சொன்னேன். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது, அதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்குப் பயம். நாற்பத்தெட்டு வண்டிக்குப் பயப்படாதவன் அந்த மூன்று கிலோவைக் கண்டு நடுங்கினேன். தூக்கினால் கழுத்து என்னாகுமோ, தும்மினால் சளியோ, தும்மாவிட்டால் மூச்சோ. தாளை எடுத்தால் என் கை நடுங்காது. அதனால்தான் தாளை எடுத்தேன்.

"சரி, நீங்க போட்ட சார்ட்டை நான் அப்படியே ஓட்டுறேன். நடந்ததை நடந்தபடி எழுதிடறேன்," என்றாள். ஒரு பெண் இவ்வளவு சுலபமாகச் 'சரி' சொன்னால் ஆண் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் பூரித்துப் போனேன்.

முதல் நாள் சாயங்காலம் வந்ததும் வராததுமாகத் தாளைப் பார்த்தேன். ஐந்தரைப் பால் நாலு ஐம்பதுக்கு, மறுபடி ஆறு பத்துக்கு, மறுபடி ஏழுக்கு. அலமாரி ரத்து. ஆல்பம் ரத்து. மதியச் சாப்பாடு மூணே முக்காலுக்கு, நின்றபடி. காரணம் என்ற கட்டத்தில் டிப்போவில் 'பஞ்சர்', 'மழை', 'ரயில்வே கேட்' என்று எழுதுவார்கள். என் மனைவி ஒழுங்காக எழுதியிருந்தாள்: '10.05: கணவர் போன். குழந்தை எழுந்தது. 10.50: தூங்க வைத்தேன். 10.52: கணவர் போன். 11.40: கணவர் போன், தூங்குகிறாளா என்று கேட்க.' கட்டத்தில் இடம் போதாமல், கீழே வரவர வெறுமனே 'கணவர்' என்று சுருக்கியிருந்தாள். தாள் முழுக்க என் பெயர்தான்.

போன் செய்யாமல் எப்படி இருப்பது? மேஜையில் உட்கார்ந்தால் விக்கல் எடுக்கிறாளோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பேசினால்தான் அடங்கும். இரண்டாம் நாளிலிருந்து அவள் போனைத் துணிகளுக்கு நடுவில் சுற்றி வைத்துவிட்டாள். அன்று எடுக்கவில்லை என்று பதறி, பாதி வேலையில் ஓடி வந்து கதவை இடித்தேன். இரண்டு பேரும் எழுந்து அழுதார்கள். தாளில் '12.15: கணவர், நேரில்' என்று பதிவானது.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வருகிறேன், இருபது நிமிஷம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியை என் பக்கத்தில் விட்டுப் போனாள். குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ரொம்ப அமைதியாகத் தூங்கியது. மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. விரலை நனைத்து வைத்தேன். அவள் வீறிட்டாள். நானும் வீறிட்டேன். தாளில் இப்படி இருக்கிறது: '9.15: குளிக்கப் போனேன். 9.22: திரும்ப அழைக்கப்பட்டேன். ஒரு காதில் இன்னும் சோப்பு.'

ஒரே ஒரு ட்ரிப் மட்டும் என் மானத்தைக் காப்பாற்றியது. நாலரை மணி நடை. புறப்பாடு 4.30, திரும்பியது 5.10. ஒரு நாளும் ஒரு நிமிஷம் தப்பவில்லை. அந்த வரிசையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஸ்டெப்னியிடமே இரண்டு முறை பெருமையடித்தேன். ஞாயிறன்று நானும் கூட வருகிறேன் என்று செருப்பைத் தேடியபோது, "அந்த ட்ரிப்புல உங்க பேரே இல்லையே," என்றாள். என் மனைவிக்கு வந்துவிட்ட கட்டுப்பாட்டை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டேன்.

இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. வாத்து போட்ட மஞ்சள் துணி ஒன்று, முதலாளிக்குப் பிடித்தது, காணாமல் போய்விட்டது. கொடியில் இல்லை, கட்டிலுக்கடியில் இல்லை. நான் தேடியதில் வீடு தலைகீழானது. அலமாரி ஒழுங்கு செய்யும் வேலை இன்னும் மூன்று நாள் கூடியது.

இரண்டாவது வாரம் முடியும்போது என் மனைவியே ஒரு யோசனை சொன்னாள். இவ்வளவு உழைத்து சார்ட் போட்டிருக்கிறீர்கள், உங்கள் மேனேஜர் மேடத்தைக் குழந்தை பார்க்கக் கூப்பிடுங்களேன், தாள்களையும் காட்டலாமே என்றாள். நல்ல யோசனைகள் எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்த காலம் அது, ஆகவே அதுவும் என்னுடையது என்றே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மேனேஜருக்கு டிப்போவில் 'பிரேக் மேடம்' என்று பெயர். அவர் பார்த்தால் ஓடுகிற வண்டியும் நிற்கும். முதல் வண்டிக்கு முன்னால் வந்து, சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். வீடு எங்களுக்கு அடுத்த தெருவில்தான். லீவு நாளில் எதிரில் பட்டுவிடக் கூடாதென்று பதினோரு வருஷமாக அந்தத் தெருவுக்குள் போகாமல் சுற்றிப் போகிறவன் நான்.

அவருக்கு ஒரே ஒரு விஷயத்தில் சமரசம் கிடையாது. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு ஆள் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது, மாற்று ஆள் வந்தே ஆக வேண்டும். முன்னொரு காலத்தில் மாற்று ஆள் வராமல் தொடர்ந்து ஓட்டிய டிரைவர் ஒருவர், டிப்போவுக்குள் திருப்பும்போது கண்ணயர்ந்து சுவரில் மோதிவிட்டார். உயிர்ச்சேதம் இல்லை. சுவரில் ஒரு விரிசல். அதைப் பூசக் கூடாது என்று மேடம் உத்தரவு. அந்த விரிசல் என் நாற்காலிக்கு நேர் பின்னால்தான் இருக்கிறது. முதுகில் எறும்பு ஊர்வது மாதிரி எனக்கு எப்போதும் இருக்கும்.

ஞாயிறு பதினொரு மணிக்கு மேடம் வந்தார். புது முகம் கண்டால் கூரை பறக்க அழும் முதலாளி, அவர் கைக்குப் போனதும் கப்சிப். "இவளுக்கு இடது தோள்தான் சரிப்படும்," என்று சொல்லி அவரே மாற்றிப் போட்டுக்கொண்டார். அனுபவம் என்று நான் வியந்தேன். பதினாலு தாளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். என் மனைவி ஓரமாக ஒரு நாற்காலியில், கையில் டம்ளரோடு உட்கார்ந்தாள்.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். நான் நாலரை மணி வரிசையை விரலால் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

"இதைப் போட்டது யாரு?"

"நான்தான் மேடம்."

"எத்தனை ஆள் டூட்டியில?"

"ஒரே ஆள்தான் மேடம். சிக்கனமா முடிச்சிருக்கேன்."

"மாற்று ஆள் எத்தனை மணிக்கு ஏறுறாரு?"

தாளைப் பார்த்தேன். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். நாற்பத்தெட்டு வண்டிக்கு மாற்று ஆள் போட்டவனின் தாளில் அந்தக் கட்டமே இல்லை. எட்டு மணி நேர ஓய்வு ஏட்டில் இருந்தது. அது ஏட்டுச் சுரைக்காய். அவள் கையால் எழுதியதைக் கூட்டினால் ஒரு நாளைக்கு இருபத்தொரு மணி நேரம் டூட்டி வந்தது. பதினாலு நாளும்.

நான் தினமும் நேரங்களை மட்டும்தான் படித்தேன். 'குறிப்பு' என்ற கட்டத்தை ஒருநாளும் படித்ததில்லை. மேடம் படித்தார், சத்தமாக.

"ஒன்பதாம் நாள். பதினொண்ணு இருபது. 'நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். குழந்தை கையில். சுவரில் சாய்ந்திருந்ததால் விழவில்லை.'"

பதினொன்று இருபதுக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். போன் எடுக்கவில்லையே என்று அவள் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். விக்கலுக்கும் தும்மலுக்கும் பயந்தேனே, பயப்பட வேண்டியதற்கு ஒருநாளாவது பயந்தேனா? அவளைப் பார்த்தேன். டம்ளர் கையில் இருந்தபடியே, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போய் டம்ளரை வாங்கி வைத்தேன். அவளுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, மேடம் முன்னால் என்பதால் விழுங்கினேன்.

"உங்க முதுகுக்குப் பின்னால இருக்கிற விரிசலை நான் எதுக்கு விட்டு வச்சிருக்கேன்?" என்றார் மேடம், குரலை உயர்த்தாமல். "இதே மாதிரி ஒரு சார்ட்டை நீங்க டிப்போவுல போட்டிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இப்பவும் வீட்டுக்குத்தான் அனுப்பப் போறேன். பதினஞ்சு நாளும், சேர்த்து வச்ச ஒரு மாசமும். நாளைக்குக் காலையில இந்த வண்டியில நீங்க ஏறணும்."

"மேடம், என் நாற்காலி..."

"ஸ்டெப்னிக்கு உயரம் சரியாத்தான் இருக்காம். சொன்னாரு."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தாளால் கெட்டேன். மேடம் கிளம்பும் சத்தத்தில் என் மனைவி விழித்து, வாசல்வரை போய், "சரிக்கா, பாத்துப் போங்க," என்றாள். டிப்போவில் ஒருத்தருக்கும் அவரை அக்கா என்று கூப்பிடத் துணிவில்லை. தூக்கக் கலக்கம், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். நாற்காலி போன துக்கத்தில் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

திங்கள்கிழமை டூட்டி ஏறினேன். சுருக்கமாகச் சொல்கிறேன். குளியல் ஒன்பதே காலுக்கு இல்லை, பதினொன்றுக்கு, நனைந்தது பெரும்பாலும் நான். மதியத்துக்குள் சட்டை மூன்று மாற்றினேன், என்னுடையதைச் சொல்கிறேன். ஆனால் ஒரு தடவை, பால் குடித்து முடித்த முதலாளியை இடது தோளில் போட்டு முதுகைத் தட்டியபோது அவள் ஒரு சின்ன ஏப்பம் விட்டுவிட்டு அப்படியே என் கழுத்தில் முகம் வைத்துத் தூங்கினாள். அப்போது என் கை நடுங்கவில்லை. அரை மணி நேரம் அசையாமல் நின்றேன். தாளில் எழுத மறந்துவிட்டேன்.

நாலேகாலுக்கு என் மனைவி படுக்கையிலிருந்து கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"ஏங்க, எந்த ட்ரிப்பை விட்டாலும் நாலரை ட்ரிப்பை விட்டுடாதீங்க. ரூட்டு தாளுக்குப் பின்னாடி எழுதியிருக்கேன்."

திருப்பிப் பார்த்தேன். பஸ் ரூட் மாதிரியே எழுதியிருந்தாள். வாசல், இடது பக்கம், மருந்துக் கடை, வலது பக்கம், பச்சை கேட். கிளம்பினேன். கதவைப் பூட்டினேனா என்று ஒரு முறை திரும்பி வந்தேன். மூச்சு வருகிறதா என்று வழியில் மூன்று முறை நின்று பார்த்தேன். மருந்துக் கடையில் வலது பக்கம் திரும்பிய பிறகுதான் எந்தத் தெருவில் நிற்கிறேன் என்பது உறைத்தது. திரும்பிவிடலாம் என்றால் தாளில் ரூட் போட்டிருக்கிறது. நானே போட்ட ட்ரிப்.

பச்சை கேட்டுக்குள் ஒரு கொடி. கொடியில் வாத்து போட்ட மஞ்சள் துணி காய்ந்துகொண்டிருந்தது. திறந்த கதவு வழியாகக் கூடத்தில் ஒரு சோபா தெரிந்தது. அதில் ஒரு தலையணை, மடித்த போர்வை. என் மனைவி பதினாலு நாளும் காற்றாட நடந்த இடம் அந்த சோபாதான் என்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

கேட்டைப் பிடித்துக்கொண்டு மேடம் நின்றிருந்தார். முதல் நாள், இதே வாசல் படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்ட பெண்ணை, யார் எவர் என்று தெரியாமல் உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்ததாகச் சொன்னார். அவள் பையிலிருந்து ஒரு பச்சைத் தாள் எட்டிப் பார்த்ததாம். அடியில் இருந்த கையெழுத்தை அவருக்குப் பதினோரு வருஷமாகத் தெரியுமாம். அன்றிலிருந்து தினமும் முப்பது நிமிஷம் குழந்தை அவரிடம், தூக்கம் அவளிடம். மேடம் நேரில் வந்து பார்க்கட்டும் என்பது யாருடைய யோசனை என்று நான் கேட்கவில்லை. என்னுடையது இல்லை என்று மட்டும் தெரிந்துவிட்டது.

மேடம் முதலாளியை வாங்கி இடது தோளில் போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு முப்பத்தஞ்சுக்கு வந்து சேர வேண்டிய வண்டி. இப்ப நாலு நாற்பத்தேழு. உங்க வீட்டம்மா ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்லை. தாமதத்துக்குக் காரணம்?"

"கணவர், மேடம்," என்றேன்.